நான்காம் வரிசைக்காரன் மறைத்த கால்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் பிழைத்துவிட்டேன். யாராவது தன் நோயைப் பற்றி எழுதியிருந்தால் ஆள் இருக்கிறானா போய்விட்டானா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து மெல்பேர்ண் ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு நாள் கிடந்தேன். இப்போது நாலு மாதமாகிறது. காலையும் மாலையும் ஒரு குளிசை, பின்னேரம் ஒரு நடை, டண்டினொங்கில் குளிர்க்களஞ்சிய வேலை பழையபடி. என்னுடைய கெட்டித்தனத்தால் நான் பிழைக்கவில்லை. அதுதான் என்னைக் கொல்லப் பார்த்தது. கால் வீங்கி வாய்மூடித் திரிகிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் அன்ரன். பிறந்தது மன்னாரில். ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் என்னை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வகுப்புப் பையன்களோடு ஐஸ் ஹொக்கி பழகினேன். ஜெனிற்றாவைக் கட்டிக்கொண்டு மெல்பேர்ணுக்கு வந்தபோது, இந்த வெயில் நாட்டில் ஐஸுக்கு எங்கே போவாய் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். இங்கேயும் கூரைக்குக் கீழே ஐஸ் தளம் இருக்கிறது, சம்பளம் வாங்காமல் ஆடுகிற கழகங்களும் இருக்கின்றன. பதினான்கு வருடமாக ஒரே கழகத்தில் ஆடினேன்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நோய் விளங்கும். ஐஸ் ஹொக்கியில் பந்து இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு கறுத்த றப்பர் வட்டு. முன்வரிசை ஆட்டக்காரரை மூன்று மூன்று பேராக நாலு வரிசையாகப் பிரிப்பார்கள். முதலாம் வரிசை கோல் அடிக்கும். இரண்டாம் வரிசை அடிக்கப் பார்க்கும். மூன்றாம் வரிசை எதிராளியை அடிக்க விடாமல் பார்க்கும். இந்த மூன்றும் ஓரத்தில் போட்ட நீள இருக்கையில், எங்கள் பேச்சில் வாங்கில், உட்கார்ந்து களைப்பாறுகிற நேரத்தில் நான்காம் வரிசை இறங்கி முக்கால் நிமிடம் மோதிவிட்டு ஏறும். நான் நான்காம் வரிசை. வட்டு மூலைக்குப் போனால் துரத்திப் போவேன், அதை எடுக்க வருகிற எதிரணிப் பின்காவலனைப் பலகைச் சுவரோடு சேர்த்து இடிப்பேன். இடிப்பது சட்டப்படி சரிதான். இடி வாங்கியவன் அடுத்த முறை வட்டை எடுக்கும்போது என்னைத் தேடுவான், அவசரப்படுவான், பிழை விடுவான். இது போக, அவர்கள் அடிக்கிற வட்டுக்கு முன்னால் விழுந்து உடம்பால் மறிப்பதும் என் வேலை. கடைசி இரண்டு பருவத்திலும் சேர்த்து நான் அடித்த கோல் மூன்று. அதில் ஒன்று என் பின்பக்கத்தில் பட்டுப் போனது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடிபட்டால் எந்த இடம் என்று சொல்லமாட்டோம். கேட்டால் 'மேலுடம்பு' அல்லது 'கீழுடம்பு', அவ்வளவுதான். முழங்கால் என்று வெளியே தெரிந்தால் எதிரணி அடுத்த ஆட்டத்தில் அந்த முழங்காலையே தேடி வரும். இருபத்தைந்து வருடம் இப்படிப் பழகினால் அது தோலோடு ஒட்டிவிடும். வீட்டில் ஜெனி கேட்டாலும் நான் கீழுடம்பு என்றுதான் சொல்வேன். "என்னோட என்ன, செமி ஃபைனலா ஆடப் போறீங்கள்?" என்று அவள் கேட்பாள்.

இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டத்தில் நான் மறித்த வட்டு இடது கெண்டைக்காலில் பட்டது, காப்பு மூடாத பின்பக்கத்தில். நீலம் பாரித்தது. அது எங்களுக்குச் சாதாரணம். ஏழு நாள், ஒரு கிழமையில் நீலம் மங்கியது, ஆனால் வீக்கம் ஏறியது. இறுக்கிக் கட்டுப் போட்டு, அதற்குமேல் நீளக் காலுறை போட்டு வேலைக்குப் போனேன். கட்டோடு இன்னும் இரண்டு ஆட்டமும் ஆடினேன். மூன்றாம் கிழமை களஞ்சியத்தில் இரும்புப் படி ஏற மூச்சு வாங்கியது. நாற்பத்தொரு வயது, சோற்றைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். காலையும் மூச்சையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் மூன்றாம் முறை இறங்கியபோது மூச்சை உள்ளே இழுத்தேன், உள்ளே ஒன்றும் போகவில்லை. வலது விலாவுக்குள் ஊசியால் குத்தியது போல ஒரு வலி. எப்படியோ வாங்குக்கு வந்து விழுந்தேன். எங்கள் பயிற்சியாளர் மார்க்கோ குனிந்து "எங்கே?" என்று கேட்டார். "மேலுடம்பு" என்றேன். அந்த நிலையிலும் அதுதான் வாயில் வந்தது. ஜெனி மேல் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் என்னைக் காரில் ஏற்றினாள்.

அவசரப் பிரிவில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. பதிவு ஜன்னலில் நின்ற எனக்குப் பின்னால், காது கேட்கிற தூரத்தில், முதல் கதிரையில் தாடை கிழிந்து துணியால் பொத்தியபடி ஒருவன் இருந்தான். அன்றைக்கு எங்களோடு மோதிய அணியின் பின்காவலன், இருபத்தேழாம் இலக்கம். அவனுக்குத் தையல் போட வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அரையிறுதியில் திரும்பவும் அவர்களோடுதான் ஆட்டம். ஜன்னலில் இருந்த தாதி மூச்சு, நெஞ்சு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாகக் கேட்டார்: "காலில் வலி, வீக்கம் ஏதாவது?"

"இல்லை" என்றேன். ஆட்டத்தில் விலாவில் இடி வாங்கினேன் என்று கூடவே ஒரு பொய்யும் சொன்னேன்.

அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. ஐந்தே நிமிடத்தில் நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத்தைப் பார்த்தார்கள். துடிப்பு வேகம், ஆனால் மாரடைப்பு இல்லை. எக்ஸ்ரேயில் விலா எலும்பு முறியவில்லை. இடி வாங்கிய ஹொக்கிக்காரனுக்கு நெஞ்சு நோவதில் என்ன அதிசயம்? திரை போட்ட ஒரு கட்டிலில் கிடத்தி, உடுப்பை மாற்றிக்கொள்ளுங்கள், டொக்டர் வருவார் என்றார்கள். குனிய முடியாமல் நான் இருந்ததால் ஜெனிதான் காலுறையைக் கழற்றினாள். கட்டையும் அவிழ்த்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன கால் இது?"

நான் காலைப் போர்வைக்குள் இழுக்கப் பார்த்தேன்.

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை இருக்கும்."

"அந்தப் பிள்ளை கேட்டவதானே கால் நோவோ எண்டு. இல்லையெண்டு சொன்னனீங்கள்!"

"அவன் பின்னால இருந்தவன்."

"ஆர்?"

"இருபத்தேழு."

ஜெனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரையை ஒரே இழுப்பில் விலக்கி, வெளியே போன முதல் தாதியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தத் தாதிக்கு எங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழ் வந்துவிட்டது. நாகர்கோவில்காரி, பெயர் ஷீலா. நாடாவால் இரண்டு காலையும் அளந்தாள். இடது கால் நாலு சென்றிமீற்றர் கூட.

"அண்ணே, இத முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன், அசையாம படுங்க."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கையில் ஊசி ஏற்றி ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். உடம்பு முழுக்கச் சுடுநீர் ஓடியது போல இருந்தது. ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். டொக்டர் வந்து சொன்னதை எளிய தமிழில் சொல்கிறேன். அடிபட்ட காலில், உள்ளே ஆழமாக ஓடுகிற நாளத்தில், இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது. அந்தக் கட்டி உடைந்து, துண்டுகள் இரத்தத்தோடு மேலே போய், இதயத்தைத் தாண்டி, நுரையீரலுக்குப் போகும் குழாய்களில் அடைத்துக்கொண்டன. இரண்டு பக்கமும். இதயத்தின் வலது பாதி அந்த அடைப்புக்கு எதிராகத் தள்ளித் தள்ளிக் களைத்துப் போயிருந்தது. "வலிமாத்திரையோடு வீட்டுக்குப் போயிருந்தால்?" என்று கேட்டேன். டொக்டர் ஜெனியைப் பார்த்து, "நல்லவேளை காலுறையைக் கழற்றினீர்கள்" என்றார்.

முதல் இரண்டு நாள் பயம் என்றால் அப்படி ஒரு பயம். பெரிய ஆட்களோடு மோதி எனக்குப் பழக்கம். என்னை இடிக்க வருபவனை நான் பார்ப்பேன். இது உள்ளே எங்கேயோ நின்றது. மூக்கில் ஒட்சிசன் குழாய், வயிற்றில் நாளுக்கு இரண்டு ஊசி, பக்கத்தில் ஓயாமல் கீச்சிடும் ஒரு பெட்டி. கண்ணை மூடினால் திரும்பத் திறப்பேனோ தெரியாது என்று, உறக்கம் வந்தும் உறங்காமல் கிடந்தேன். தெரிந்த செபமெல்லாம் சொன்னேன்.

ஆனால் அந்த எட்டு நாளில் கிடைத்த அன்பை எழுதாமல் விட்டால் நான் நன்றிகெட்டவன். எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு யோகா அன்ரி தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். அதோடு நிற்காமல் 'த பேசின்' என்ற ஊரில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்து திருநீறும் கொண்டு வந்தார். "நீங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. தலையணிக்குக் கீழ வையுங்கோ, ஆருக்கும் தெரியாது" என்றார். வைத்தேன். வேலையிடத்து மேற்பார்வையாளர் என் வேலை முறைகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வர அவசரமில்லை என்று செய்தி அனுப்பினார். ஆஸ்பத்திரி ஒரு சதமும் கேட்கவில்லை. இந்த நாட்டு வரியைப் பற்றி இனி நான் வாய் திறக்கமாட்டேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகும் ஷீலா வேலை முடித்துப் போகும்போது எட்டிப் பார்ப்பாள்.

"ஹாக்கின்னா புல்லுல குச்சி வெச்சு ஆடுறதுதானே அண்ணே?"

"இது ஐஸில."

"ஐஸ்லயா? அதுல நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஆக்களை இடிப்பன்."

"அக்கா, இதுக்கு நீங்க சம்மதிச்சீங்களா?" என்று ஜெனியிடம் கேட்டாள். "என்னை ஆர் கேட்டது?" என்றாள் ஜெனி.

புதன்கிழமை இரத்த நோய் நிபுணர் வந்தார். என்னைவிட வயதில் குறைந்த பெண், பொறுமையாகப் பேசினார். இரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும், அதன் பிறகு சோதித்துத்தான் நிறுத்துவதா என்று பார்ப்பார்களாம். அதுவரை உடம்பில் காயம் படக்கூடாது. தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்தால் நிற்காது. "மோதாமல் ஆடலாமா?" என்று கேட்டேன். "அணியில் உங்கள் பங்கு என்ன?" என்று அவர் கேட்டார். மேலே உங்களுக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "அப்படியானால் நான் எதை வேண்டாம் என்கிறேனோ அதுதான் உங்கள் முழு வேலையும்" என்றார்.

அவர் போன பிறகு அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உயிர் தப்பியவன் இதையா யோசிப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். நான் யோசித்தேன். பதினான்கு வருடம் நான் அந்த அணியில் என்ன செய்தேன்? பிரயோசனமாக இருந்தேனா, அல்லது பழைய ஆள், சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிற ஆள், போகச் சொல்ல மனமில்லாமல் வைத்திருந்தார்களா? கோலைக் கணக்குப் பார்க்கிற ஆட்டத்தில் கோல் அடிக்காதவனை எதை வைத்து அளப்பது?

வியாழக்கிழமை மார்க்கோ திராட்சைப் பழத்தோடு வந்தார். அவருடைய இங்கிலீசை என் தமிழில் தருகிறேன்.

"அரையிறுதிக்கு உன் இடத்தில் ஒருவனைத் தற்காலிகமாகப் போட அனுமதி கிடைத்திருக்கிறது. இருபத்தாறு வயது, தச்சு வேலை செய்கிறவன். வென்றால் இறுதியாட்டம். அதற்கு ஞாயிறு காலைக்குள் நிரந்தரப் பட்டியல் கொடுக்க வேண்டும். உன் பெயரை எடுத்தால்தான் அவன் பெயரைப் போடலாம்."

"எடுத்தால் அடுத்த பருவம்?"

"வயதையும் மருந்தையும் பார்த்தால், அநேகமாகத் திரும்பி வரமாட்டாய். உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வைத்திரு என்று நீ சொன்னால் வைத்திருப்பேன். ஒரு ஆள் குறைவாக ஆடுவோம்."

"மார்க்கோ, நான் இந்த அணிக்கு உண்மையில் உதவினேனா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவனிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. சனிக்கிழமை ஆட்டத்தைப் பார். பிறகு நீயே எனக்குச் சொல்."

சனிக்கிழமை பின்னேரம் ஜெனி கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். கழகம் ஆட்டத்தை இணையத்தில் காட்டும். ஃபோனைத் தலையணியில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். எட்டாவது நிமிடத்தில் தச்சன் இறங்கினான். எவ்வளவு வேகம்! இரண்டு பேரைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு கோல் அடித்தான். நான் ஒரு பருவம் முழுக்கச் செய்ததை அவன் அரை நிமிடத்தில் செய்துவிட்டான். கை தட்டினேன். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஃபோனை நிற்பாட்டுவோம் என்று கையை நீட்டினேன்.

"நில்லுங்கோ" என்றாள் ஜெனி. "உந்தத் தாடை கிழிஞ்சவன், அவன் இண்டைக்கு எவ்வளவு ஆறுதலா நிக்கிறான் பாருங்கோ."

பார்த்தேன். இருபத்தேழு வலைக்குப் பின்னால் வட்டை வைத்துக்கொண்டு நின்றான். நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தான். அவசரமே இல்லாமல் ஆறுதலாக ஒரு ஆளைத் தெரிந்தெடுத்துத் தள்ளிக் கொடுத்தான்.

"அவனுக்கு இப்பிடி நிக்க நேரம் கிடைக்கிறேல்லயே" என்றாள். "முந்தியெல்லாம் நீங்கள் மூலைக்குப் போற சத்தம் கேட்டாலே தட்டி விட்டிட்டு விலத்தினவன். ரெண்டு தரம் எங்கட ஆளிட்டயே குடுத்தவன். ஒருக்கா அதில எங்கட ஆள் கோலும் அடிச்சவன்."

மனைவி ஆட்டத்துக்கு வருவது, களைத்துப் போன என்னை வீட்டுக்குக் காரில் கொண்டுபோகத்தான் என்று நினைத்திருந்தேன். வட்டு எங்கே, யார் எந்த அணி என்று அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் மடியில் ஃபோன் இருக்கும்.

"நீர் ஆட்டம் பாக்கிறனீரோ?"

"ஆட்டம் பாக்கிறேல்ல. நீங்கள் இல்லாத இடத்தில அந்தக் கறுத்தச் சாமான் எங்க போகுதெண்டு எனக்கு ஒரு நாளும் விளங்கினதில்ல. நான் உங்களைத்தான் பாக்கிறனான். நீங்கள் வாங்கில ஏறின பிறகுதான் ஃபோனைப் பாப்பன்."

திரையில் எங்கள் முதலாம் வரிசைச் சின்னப் பையன் ஒருவனை அவர்கள் பலகையோடு சேர்த்து நெரித்தார்கள். எழும்பக் கொஞ்சம் நேரமெடுத்தான். கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம், நான் இல்லாமல். வென்றதில் உண்மையாகவே சந்தோசம். ஆனால் கேட்காமல் விட முடியவில்லை.

"ஜெனி, உண்மையைச் சொல்லும். நான் அந்த ரீமுக்குப் பிரயோசனமா இருந்தனானே?"

அவள் என் இடது காலுக்குக் கீழே வைத்த தலையணியைச் சரிசெய்தாள்.

"ரீமுக்கு என்னெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் உள்ளுக்க நிக்கிற நேரம் எங்கட பெடியள் ஒருத்தரும் விழுறேல்ல. நீங்கள்தான் விழுறனீங்கள்."

அந்த எட்டு நாளில் அப்போதுதான் அழுதேன். மருந்தாலோ பயத்தாலோ வராத அழுகை.

அடுத்த நாள் காலை, வீட்டுக்குப் போகலாம் என்று கடதாசி தந்த பிறகு, மார்க்கோவுக்கு அழைப்பு எடுத்தேன். பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டுத் தச்சன் பெயரைப் போடச் சொன்னேன். நல்ல வேகம், ஆனால் மூலைக்குப் போகப் பயப்படுகிறான், அதைப் பழக்குங்கள் என்றேன். அன்றைக்கு நான் அவரிடம் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஜெனி சொன்னதையும் அப்படியே இங்கிலீசில் சொன்னேன்.

மார்க்கோ "இத்தனை வருடம் நான்காம் வரிசைக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன், இப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. இதை அந்தத் தச்சனிடம் சொல்லலாமா என்று உன் மனைவியிடம் கேள்" என்றார்.

ஜெனி என் உடுப்புகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"சொல்லட்டும்" என்றாள். "ஆனா அந்தப் பெடியனுக்குப் பெண்சாதி இருந்தா, முதல்ல அவவிட்டச் சொல்லச் சொல்லுங்கோ. மேல இருந்து பாக்கப் போறது அவதானே."